வரம் வேண்டாமென்ற ரதி

செல்லாயிக்குப் புருசன் உண்டு. கழுத்தில் தாலி உண்டு, நெற்றியில் அஞ்சு காசு அகலத்துக்குக் குங்குமம் உண்டு, வாயைத் திறந்தால் "எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு" என்று ஒரு பேச்சும் உண்டு. ஆனால் மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில், வீரம்மா வீட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக்கு அவள் குடிவந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்காரரை யாரும் பார்த்ததில்லை. எங்கே என்று கேட்டவர்களிடம், "ஊருக்குப் போயிருக்காரு, வந்துருவாரு" என்பாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலிலும் அதையேதான் சொன்னாள், எழுபத்தொன்பதிலும் அதையேதான் சொன்னாள்.

அவன் பெயர் ஐயாவு. கோப்பெங்கிலிருந்து உள்ளே போனால் வரும் ஆறாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினான். பன்னிரண்டு வயதில் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவன். செல்லாயி அதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அறுபத்திரண்டில் கல்யாணம். பிள்ளை இல்லை, ஒன்று தரித்து நாலு மாதத்தில் போனதோடு சரி.

ஆறாங்கட்டையில் மாசி மாதம் காமன் பண்டிகை நடக்கும். தேவர்கள் பேச்சைக் கேட்டு, தவத்திலிருக்கும் சிவன்மேல் காமன் பூவம்பு விடுவான். சிவன் நெற்றிக் கண்ணைத் திறப்பார். காமன் சாம்பலாவான். அவன் பெண்சாதி ரதி மண்ணில் புரண்டு அழுது, வாதாடி, கடைசியில் ஒரு வரம் வாங்குவாள்: காமனுக்கு உயிர் வரும், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் அவன் தெரிவான். இதுதான் கதை. தோட்டத்தில் ரதி வேசம் ஸ்டோரில் வேலை செய்த ராஜுவுக்கு. காமன் வேசம் ஐயாவுக்கு. பச்சை வண்ணம் பூசி, காகித மகுடம் வைத்து, கரும்பு வில்லோடு அவன் திடலில் இறங்கினால் துரையின் பங்களாவிலிருந்து கூட ஆள் வந்து நிற்கும்.

அறுபத்து நாலாம் வருசம் அவனுக்குக் கடும் காய்ச்சல். வேசத்தை மாற்றிக் கொடுக்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. ஆடிக்கொண்டே வந்தவன், சிவன் கண்ணைத் திறக்கப் போகிற இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, "ஏ ரதி, எரியறதுக்கு முன்னால ஒரு வாய் தண்ணி குடு" என்றான். கூட்டம் சிரித்தது. ராஜு திகைத்து நின்றான். பாட்டில் இல்லாத வரி அது, அவனிடம் தண்ணீரும் இல்லை. கூட்டத்திலிருந்த செல்லாயிக்குத்தான் அது நடிப்பில்லை என்று தெரிந்தது. செம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். காமன் அண்ணாந்து குடித்தான். மறுவருசம் காய்ச்சல் இல்லை. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் "தண்ணி கேளு, தண்ணி கேளு" என்று கத்தினார்கள். அவன் கேட்டான். அவள் செம்போடு போனாள். அதற்கப்புறம் ஆறு வருசம், ஆறாங்கட்டைக் காமன் தண்ணீர் குடித்த பிறகுதான் எரிவான் என்றாகிவிட்டது. அப்படி ஒரு காமன் பேராக்கில் வேறெங்கும் இல்லை.

எழுபதில் பெர்மிட் பிரச்சினை வந்தது. பிரஜைகளுக்குரிய நீல அடையாளக் கார்டு உள்ளவர்களுக்குக் கவலை இல்லை. சிவப்புக் கார்டுக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். செல்லாயிக்கு நீலம். ஐயாவுக்குச் சிவப்பு. ஆறாங்கட்டையில் பாதிப் பேருக்குச் சிவப்பு. அவன் பிரஜா உரிமைக்கு எழுதிப் போடப் போகிறேன், போடப் போகிறேன் என்று பத்து வருசம் சொல்லிக்கொண்டிருந்தவன். தோட்ட ஆபீஸ் கிராணி பெயர் பெயராகக் கூப்பிட்டுச் சொன்ன அன்று, ஐயாவுவின் பெயருக்குப் பெர்மிட் வரவில்லை.

"நானும் வாரேன்" என்றாள் செல்லாயி.

"ஒங்கம்மாவ யாரு பாப்பா?" என்றான். அவள் அம்மா அப்போது படுத்த படுக்கை. "ஆறு மாசம். அங்க போயி முறையா எழுதிப்போட்டுப் பெர்மிட்டு வாங்கிட்டு வந்துர்றேன். நீ இங்க இருந்தாத்தான் நான் திரும்பி வாரதுக்கு ஒரு காரணம் இருக்கும்லா."

பினாங்குத் துறைமுகத்தில் அவன் ஒரு தகரப் பெட்டியோடு வரிசையில் நின்றான். அன்று அந்த வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஆறு மாதத்தில் வருகிறவர்கள்தான். கப்பல் நகர்ந்த பிறகும், நீலச் சட்டை போட்ட ஒருவனை ஐயாவு என்று நினைத்து அவள் வெகுநேரம் கையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவன் திரும்பினான். வேறு யாரோ.

மாதம் ஒரு கடுதாசி வந்தது. எழுபத்தொன்றில் அம்மா போய்ச் சேர்ந்ததும், "இனி எனக்கு இங்கு யாரும் இல்லை, நான் வரட்டுமா?" என்று எழுதினாள். "வேண்டாம். இங்கு மழை இல்லை. நானே வாரேன்" என்று பதில் வந்தது. எழுபத்திரண்டு தீபாவளிக்கு ஒன்று. அதற்குப் பிறகு இல்லை. அவள் எழுதியவை திரும்பி வரவும் இல்லை, பதில் வரவும் இல்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பால் மரங்களைச் சாய்த்துப் பாமாயிலுக்குச் செம்பனை நட்டார்கள். லயத்தைக் காலி செய்தவர்களில் ஒருத்தியாக அவள் ஈப்போ வந்து சேர்ந்தாள். மெங்லெம்புவில் வறுத்த கச்சான் கடலைப் பொட்டலம் போடும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நீளமான மேசையில் கொட்டிக் கிடக்கும் கச்சானில் சொத்தையையும் உடைந்ததையும் பொறுக்கித் தள்ள வேண்டும். காலை ஏழரையிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கை ஓடிக்கொண்டிருக்கும், மனசு சும்மா இருக்கும். சும்மா இருக்கிற மனசில் ஐயாவு வந்து உட்கார்ந்துகொள்வான்.

அவள் அவனைப் பார்ப்பாள். ஈப்போ பஸ் நிலையத்தில் தோளில் துண்டோடு மறுபக்கம் திரும்பி நிற்பான். சந்தையில் கருவாட்டுக் கடையில் பேரம் பேசுவான். கிட்டே போனால் இருக்கமாட்டான். அறையில் சோறு வடித்துவிட்டு, "இன்னைக்கு ரசம் கொஞ்சம் புளிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவாள். சொன்னது யாரிடம் என்று அவளைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

இருந்த சங்கடமெல்லாம் மற்றவர்களுக்குத்தான். வீரம்மாவின் மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது ஆரத்தித் தட்டைச் செல்லாயியின் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு கிழவி பக்கத்திலிருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். யாரும் தட்டை வாங்கவில்லை. ஆனால் தட்டைக் கொடுத்தவள், "செல்லாயி, அடுப்புல பாயசம் அடிபிடிக்குதான்னு பாரேன்" என்றாள். செல்லாயி தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். பாயசம் ஏற்கெனவே இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அவள் அந்த அடுப்பங்கரையிலேயே, வளையல் பாட்டு முடிகிற வரைக்கும் நின்றாள்.

எழுபத்தொன்பது மாசியில் தொழிற்சாலை வானொலியில் மத்தியான நாடகமாகக் காமன் கதை வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிற எல்ஸி, முதலாளி தவுக்கேயிடம் சொல்லிச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். எல்ஸி சின்னப் பெண், ஃபார்ம் த்ரீ வரை படித்தவள், மாதாகோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். காமன் யார், ரதி யார் என்று அவளுக்குத் தெரியாது. நாடகத்தில் ரதி கதறினாள். சிவன் மனமிரங்கி வரம் கொடுத்தார். வீணை ஒலித்தது. மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"அது ஒரு வரமா?" என்றாள் செல்லாயி. சத்தமாகவே வந்துவிட்டது.

எல்லாக் கைகளும் நின்றன. எல்ஸி திரும்பினாள். "ஏன்க்கா? புருசன் திரும்பி வந்துட்டாருல்ல?"

"யாருக்கு வந்தாரு? அவ கண்ணுக்கு மட்டுந்தானே வந்தாரு. நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்து கெடந்தா, அவரு போயி கடையில மருந்து கேட்டா, கடைக்காரன் கண்ணுக்குத் தெரிவாரா? தெருவுல ரெண்டு பேரும் பேசிக்கிட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்? தனியாப் பேசுது, பைத்தியம்னு சொல்லும். அந்தச் சாமி அவளுக்குப் புருசனைக் குடுக்கல. பைத்தியக்காரப் பட்டத்தைத்தான் குடுத்துச்சு."

தவுக்கேயின் தம்பி எட்டிப் பார்த்ததும் கைகள் மறுபடி ஓடத் தொடங்கின. ஐந்து மணிக்குக் கை கழுவும்போது எல்ஸி, "அக்கா, இதை எழுதுங்க. பேப்பர்ல ஞாயித்துக்கிழமை கதை போடுறாங்கல்ல" என்றாள்.

தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்திருந்தாள் செல்லாயி. பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு எழுத உட்காருவாள். அவள் கதையில் கைலாயம் இல்லை. காமன் பால் மரம் வெட்டுகிறவன், லயத்தில் ரதியோடு இருக்கிறவன். அவனைச் சிவன் எரிக்கிறார். எரிவதற்கு முன் அவன் ஒரு வாய் தண்ணீர் கேட்கிறான், ரதி செம்போடு ஓடி வந்து கொடுக்கிறாள். அழுது முடித்த ரதிக்குச் சிவன் வரம் தருகிறார். ரதி சொல்கிறாள்: "சாமி, கொடுப்பதாக இருந்தால் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கொடுங்கள். இல்லையென்றால் என் கண்ணுக்கும் தெரியாமல் ஆக்கிவிடுங்கள். இந்த வரம் எனக்கு வேண்டாம்." சிவன் மூன்று கண்களையும் மூடிக்கொள்கிறார். அதோடு கதை முடிந்தது. எல்ஸி எழுத்துப் பிழை பார்த்துத் தபாலில் சேர்த்தாள்.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிறு அது வெளிவந்தது. "ஆறாங்கட்டை செல்லாயி" என்று பெயர் போட்டிருந்தார்கள். அவள் மார்க்கெட்டில் நின்று அதை வாசித்தாள், அச்சில் வந்தபோது வேறு யாரோ எழுதியது போலிருந்தது. அடுத்த ஞாயிறு வாசகர் கடிதங்களில் அவளைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். தெய்வ நிந்தனை என்றார் ஒருவர். பத்தினிப் பெண் எந்த வடிவில் கணவன் வந்தாலும் ஏற்றுக்கொள்வாள் என்று ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். கோயில் கமிட்டியிலிருந்து கார்த்திகேசு என்பவர் வீரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சாமி குடுத்த வரத்தை வேண்டாம்னு சொல்ல நீ யாரும்மா?"

"நான் சொல்லலண்ணே. ரதி சொல்றா."

"எந்தப் பாட்டுல ரதி அப்படிச் சொல்லியிருக்கா?"

"எல்லாப் பாட்டும் வரம் வாங்கினதோட முடிஞ்சிருதுண்ணே. மறுநாள் அவ எப்படி இருந்தான்னு யாரும் பாடல."

கார்த்திகேசு வீரம்மாவைப் பார்த்தார். வீரம்மா தரையைப் பார்த்தாள். அவர் போன பிறகு வீரம்மா, "ஒனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று மட்டும் கேட்டாள். அந்த வருசம் நவராத்திரிக்கு அவளைக் கூப்பிடவில்லை.

அக்டோபரில் பத்திரிகை ஆபீஸிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே, அவர்கள் விலாசத்துக்கு வந்த ஒரு கடிதம். இன்னும் ஒரு திட்டு என்று நினைத்துத்தான் பிரித்தாள். தெலுக் ஆன்சனிலிருந்து பத்துமலை என்பவன் எழுதியிருந்தான். தெலுக் இந்தானுக்கு அன்று அதுதான் பெயர். "அக்கா, தண்ணீர் கேட்கிற காமனை நான் பார்த்திருக்கிறேன். இங்கில்லை, இந்தியாவில். உங்கள் கதையில் அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை."

அவள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வேலைக்குப் போனாள். எட்டு மணி நேரம் கச்சான் பொறுக்கினாள். எல்ஸியிடம் கூடச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, பீடோர், லங்காப் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினாள். லங்காப்பைத் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனையாகவே வந்தது. நல்ல சேலை கட்டியிருந்தாள், தலையில் பூ வைத்திருந்தாள். கேட்கப் போவது நல்ல சேதியாக இருந்தால் அதற்குத் தக்க மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம்.

பத்துமலை செம்பனை லோரி ஓட்டுகிறவன், முப்பது வயதிருக்கும். அவன் வீட்டு முன்கூடத்தில் உட்கார வைத்தான். அவன் பெண்சாதி கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"எங்கப்பாவோட அண்ணன் துறையூர்ப் பக்கம் இருக்காருக்கா. போன வருசம் பாக்கப் போனேன். மாசி மாசம், காமன் கூத்து நடந்துச்சு. காமன் வேசம் கட்டினவரு நடுவயசு ஆளு. எரியற எடம் வந்ததும் ஆட்டத்தை நிறுத்திட்டு ஒரு வாய் தண்ணி குடுன்னாரு. நான் அசந்துட்டேன். பெரியப்பா சொன்னாரு, அவரு மலாயாவுலேர்ந்து வந்தவரு, அங்க அப்படித்தானாம்னு."

"பேரு?"

"ஐயாவு. ரைஸ் மில்லுல வேலை."

செல்லாயி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். உயிரோடு இருக்கிறான். ஏழு வருசமாகத் தெரியாமல் இருந்த ஒன்று, ரைஸ் மில் என்று வாசலும் கதவும் வைத்ததுபோல வந்து நின்றது. ஆனால் அவள் அடுத்துக் கேட்டது அவன் எப்படி இருக்கிறான் என்றில்லை.

"தண்ணி யாரு குடுத்தா?"

பத்துமலைக்குக் கேள்வி புரியவில்லை.

"தண்ணி கேட்டாருன்னியேப்பா. செம்பு எடுத்துக்கிட்டு யாரு வந்தா?"

அவன் அவளுடைய தாலியைப் பார்த்தான், தலையிலிருந்த பூவைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். சொல்லவா வேண்டாமா என்று உள்பக்கம் திரும்பிப் பெண்சாதியைத் தேடினான்.

"சொல்லுப்பா. பஸ் ஏறி வந்திருக்கேன்."

"அவங்க வீட்டுக்காரம்மாதான்க்கா. பாப்பான்னு பேரு. ரெண்டு பிள்ளைங்க." பிறகு அவசரமாக, அவளுக்கு ஆறுதல் என்று நினைத்தோ என்னவோ, "அவருக்கு மலாயாவுல மொதப் பொஞ்சாதி இருந்துச்சாம், நோவு வந்து செத்துப்போச்சாம். அதுக்கப்புறந்தான் இந்தம்மாவைக் கட்டினாராம். அப்படித்தான் ஊருல சொன்னாங்க" என்றான்.

சொல்லி முடித்த பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டான். "என்ன நோவாம்?" என்று கேட்டாள் செல்லாயி.

"தெரியலக்கா."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அவள் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. தான் எப்படிச் செத்திருப்போம் என்றே யோசித்துக்கொண்டு வந்தாள். காய்ச்சலா, பிரசவமா, பாம்பா? ஐயாவு எதைச் சொல்லியிருப்பான்? சொல்லும்போது அழுதிருப்பானா?

மறுவாரம் நீலத் தபால் தாள் ஒன்று வாங்கி, பத்துமலை எழுதிக் கொடுத்த விலாசத்துக்கு ஐயாவுவின் பெயர் போட்டு ஒரே வரி எழுதினாள். "நான் சாகவில்லை. செல்லாயி." கீழே தன்னுடைய விலாசம். அவ்வளவு பெரிய தாளில் மீதி இடமெல்லாம் வெறுமையாகவே போனது.

ஒரு மாதம் பார்த்தாள். மூன்று மாதம் பார்த்தாள். தைப்பூசம் போய், மாசி போய், சித்திரையும் போனது. பஸ் நிலையத்தில் அவன் நிற்பதும் நின்றுபோனது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு ஏதாவது சொல்ல வாயெடுத்தால், கேட்பதற்கு எதிரில் யாரும் இல்லை. கதையில் ரதி கேட்டது அதைத்தான். எழுதும்போது அது இப்படி இருக்கும் என்று செல்லாயிக்குத் தெரிந்திருக்கவில்லை.

எண்பது ஆகஸ்டில் பதில் வந்தது. ஐயாவு எழுதவில்லை. பாப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் எழுதியிருந்தாள்.

"அக்காவுக்கு, பாப்பா எழுதிக்கொண்டது. உங்கள் கடுதாசியை அவர் ஏழு மாசம் ஒளித்து வைத்திருந்தார். ஆடிக்கு வீடு துடைக்கும்போது அவருடைய பழைய பையில் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அக்கா, நீங்கள் செத்துவிட்டதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தது. மூன்று தடவை பெர்மிட்டுக்கு எழுதி வரவில்லையாம். இனி அவள் செத்த மாதிரிதான் என்று நினைத்தேன், அதை அப்படியே சொல்லிவிட்டேன் என்கிறார். மூத்தாளை மறந்தால் இளையாள் வீடு விளங்காது என்று எங்கள் அம்மா சொன்னதால், கட்டின வருசத்திலிருந்து ஆடி மாதம் உங்களுக்குப் படையல் போடுகிறேன். சுவரில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, புதுச்சேலை வைத்து, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவரைக் கேட்டுச் சமைப்பேன். கத்திரிக்காயும் கருவாடும் என்றார். மூத்த பெண்ணுக்கு உங்கள் பெயர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் சுவரிலிருந்துதான் திருநீறு எடுத்துப் பூசுவேன். இந்த வருசச் சேலையும் எடுத்தாகிவிட்டது. படைக்கவும் பயமாக இருக்கிறது, படைக்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

செல்லாயி அதை மூன்று முறை படித்தாள். பிறகு சிரித்தாள். ஏழு வருசம், இந்த அறையில் ரசம் புளித்துப் போனதைக் காற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி சுவரைப் பார்த்து அவளைச் சாமி என்று கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவளைக் கேட்டிருக்கிறாள். காய்ச்சல் இறங்கவும் செய்திருக்கிறது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. கத்திரிக்காயும் கருவாடும் அவளுக்குப் பிடிக்கும் என்பது உண்மை.

அன்று சாயங்காலம் தாலியைக் கழற்றினாள். சுற்றிலும் பெண்கள் நின்று அழுதுகொண்டே செய்கிற காரியம் அது. அவள் கண்ணாடி முன் உட்கார்ந்து, தலைவழியாகத் தூக்கி எடுத்து, பிஸ்கோத்து டின்னில் போட்டு மூடினாள். வீரம்மா மூன்றாம் நாள்தான் கவனித்தாள்.

"ஐயோ, என்னடி ஆச்சு அவருக்கு?"

"ஒன்னும் ஆகலக்கா. நல்லாத்தான் இருக்காரு."

வீரம்மாவுக்கு இது விளங்க வெகுகாலம் ஆனது. விளங்கிய பிறகு தெருவுக்கும் விளங்கியது. அதற்கப்புறம் செல்லாயியை எந்த விசேசத்துக்குக் கூப்பிடுவது, எங்கே உட்கார வைப்பது என்று யாருக்கும் குழப்பம் இல்லை.

பாப்பாவுக்கு அவள் எழுதினாள்: "படைக்காதே. நான் இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன். பிள்ளையின் பெயரை மாற்ற வேண்டாம்." ஐயாவுவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் கப்பல் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலை. படைக்க எடுத்தது, படைக்கப்படாதது. எண்பத்தொன்று ஜனவரியில் எல்ஸியின் கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு மாதாகோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். "புதுசாக்கா? ரொம்ப அழகா இருக்கு" என்றாள் எல்ஸி. "தங்கச்சி குடுத்தது" என்றாள் செல்லாயி. எல்ஸி கோலாலம்பூருக்குக் குடிபோனாள். மேசையில் அவள் இடத்துக்கு வந்த பெண் மலாய்க்காரப் பெண், நல்லவள். ஆனால் கதை பேச மொழி போதவில்லை.

பத்திரிகைக்கு மறுபடி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். ஒன்று எழுதினாள், கிழித்துவிட்டாள். காமன் கதையைத் தவிர அவளுக்குத் தெரிந்த கதை வேறு இல்லை, அதையும் சொல்லியாகிவிட்டது.

துறையூரிலிருந்து வருசத்துக்கு ஒரு கடுதாசி வரும். முதலில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையெழுத்தில், பிறகு கோணல் மாணலாகப் பிள்ளையின் கையெழுத்தில். மழை, பள்ளிக்கூடம், தம்பிக்கு அம்மை, மில் பூட்டியது. "பெரியம்மாவுக்கு" என்று தொடங்கி "இப்படிக்கு, செல்லாயி" என்று முடியும். தன் பெயரிலிருந்து தனக்கு வருகிற கடுதாசிகளை அவள் தேதி வாரியாக அடுக்கி வைத்தாள். ஐயாவு ஒரு வரி எழுதவில்லை. கடைசியாக ஒருமுறை, "அப்பா கேட்கச் சொன்னார், அங்கே மழை எப்படி என்று" என ஓரத்தில் சின்னதாக இருந்தது. "நல்ல மழை" என்று பதில் போட்டாள்.

எண்பத்தேழு ஜூனில் வந்த கடுதாசியைத் தொழிற்சாலைக்கே எடுத்துக்கொண்டு போய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தாள். அப்பா வைகாசி பன்னிரண்டாம் தேதி நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டார் என்று பதின்மூன்று வயதுப் பெண் எழுதியிருந்தாள். காரியமெல்லாம் முடிந்து பதினைந்து நாளாகியிருந்தது. "அம்மா உங்களிடம் சொல்லி அழ வேண்டும் என்கிறாள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் பெரியம்மா."

மணி அடித்தது. அவள் கடுதாசியை மடித்து வைத்துவிட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அந்த மேசையில் இருந்த யாருக்கும் ஐயாவு என்று ஒருவன் இருந்தது தெரியாது. கைகள் ஓடின. சொத்தை, நல்லது, உடைந்தது, நல்லது. ஐந்து மணிக்குப் பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் சேலையோடு குழாயடியில் உட்கார்ந்து, வாளியில் தண்ணீர் பிடித்துத் தலையில் ஊற்றினாள். பொட்டு கரைந்து மூக்கில் வழிந்தது. இன்னொரு வாளி. இன்னொன்று.

வீரம்மா அடுப்படி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன செல்லாயி, இந்த நேரத்துல தலைக்குக் குளிக்கிற?"

"ஒரே வேர்வைக்கா" என்றாள்.

"சளி புடிச்சுக்கும்லா" என்று சொல்லிவிட்டு வீரம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். செல்லாயி வாளியை மறுபடி குழாய்க்குக் கீழே வைத்து, அது நிரம்புகிற வரைக்கும் காத்திருந்தாள்.